நான்கு கேசட்டும் ஒரு கடலும்

ஏசுபாதத்துக்குக் கடலைக் கண்டால் பயம். அவனுக்குக் கிடைத்த வேலையோ, நாள் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் வேலை.

பயம் சும்மா வந்ததில்லை. பெரிய அலை வந்தது பாருங்கள், அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கடலோர ஜெபக்கூட்டத்துக்காக ஒரு கம்பத்தின் உச்சியில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்துவிட்டுக் கீழே பார்த்தால் தரையைக் காணோம். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பம் ஏன் சாயவில்லை என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் நாலு பேர் சேர்ந்துதான் அவன் கைகளைக் கம்பத்திலிருந்து பிரித்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு குளிக்கிற வாளியில் தண்ணீர் கொஞ்சம் தளும்பினாலும் எட்டிப் போய் நின்றுகொள்வான்.

அலை வடிந்ததும் அலுவலகங்கள் வந்தன. வந்தவற்றில் ஒன்று, கடலோர அபாயச் சொல் ஒழுங்கு நிலையம். வெளிநாட்டு உதவியில் நடப்பது. அதன் தலைமை அலுவலகம் செங்கல்பட்டில் மூன்றாவது மாடியில் இருந்தது. அங்கே கடல் வர வேண்டுமென்றால் ரயில் பிடித்துத்தான் வர வேண்டும். கிளை மட்டும் திருவிடந்தைக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு முடிந்து மணல் ஆரம்பிக்கிற ஒரு குப்பத்தில். கீழே ஆம்ப்ளிஃபயர், மாடியில் கூட்ட அறை, மொட்டை மாடியில் நாலு திசைக்கும் நாலு குழாய் ஸ்பீக்கர். மைக்செட் தெரிந்த உள்ளூர் ஆள் வேண்டும் என்று தேடினார்கள். கருங்குழியில் மைக்செட் கடையில் வேலை பழகிய ஏசுபாதம் அகப்பட்டான்.

"வேணாம்னு சொல்ட்டு வந்துடறேன்" என்றான் மனைவி சந்திரம்மாவிடம்.

"சொல்லேன். வேற எவனையாவது போடுவான். அவன் மதியம் துன்னுட்டுத் தூங்கிடுவான். நீ பயந்தாங்கொள்ளி, கண்ணை மூடவே மாட்டே. போய்ச் சேருய்யா."

சந்திரம்மா கரையோரக் கருவாட்டுக் களத்தில் மீன் காயவைக்கப் போகிறவள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் மகள் ஷாரோனும் களத்தில்தான் கிடப்பாள். கடல் எழுந்தால் முதலில் தொடுகிற இடம் அந்தக் களம். அந்த இரண்டு பேரையும் நேரத்தோடு கூப்பிட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் தன் வேலை என்று நினைத்துக்கொண்டு ஏசுபாதம் போய்ச் சேர்ந்தான். நிலையத்தின் நினைப்பு வேறாக இருந்தது.

"அன்னைக்கு அவ்வளவு பேர் ஏன் செத்தாங்க?" என்று முதல் நாளே கேட்டார் இயக்குநர் நரசிம்மன். "அலை வந்ததாலன்னு எல்லாரும் சொல்றாங்க. தப்பு. சரியான வார்த்தை இல்லாததால. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நாங்க வந்திருக்கோம்."

தீர்ப்பதற்கு நான்கு கேசட்டுகள் இருந்தன. அட்வைசரி, வாட்ச், அலர்ட், வார்னிங். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறத்தில் உறை. இந்த நாலு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படிப்பதற்கென்றே மூன்று வாரம் சீமைக்குப் போய்வந்த துணை இயக்குநர் ராஜாராம் தன் சொந்தக் குரலில் பேசிப் பதிந்திருந்தார். முதலில் ஆங்கிலம், நடுவில் கொஞ்சம் வீணை, அப்புறம் தமிழ். தமிழில்தான் இடித்தது. நாலுக்கும் 'எச்சரிக்கை' என்றுதான் வருகிறது. மொழிபெயர்ப்புக் குழு மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் ஒரு வாரம் தங்கி, மண்டையைப் பிய்த்துக்கொண்டு, அறிவுரை எச்சரிக்கை, பார்வை எச்சரிக்கை, விழிப்பு எச்சரிக்கை என்று மூன்றைக் கண்டுபிடித்தது. நாலாவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. 'எச்சரிக்கை எச்சரிக்கை' என்று வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டது.

கேசட்டுகள் கண்ணாடி அலமாரியில் பூட்டி இருந்தன. சாவி நரசிம்மனின் இடுப்பில். எந்த அபாயத்துக்கு எந்தச் சொல் என்று இயக்குநரும் துணை இயக்குநரும் ஒத்துப்போன பிறகுதான் அலமாரி திறக்கும்.

"சார், மைக்கு ஒண்ணு கீதே, அதுல பேசலாமா?" என்று கேட்டான் ஏசுபாதம்.

"அதுல 'ஹலோ மைக் டெஸ்டிங்' மட்டும் சொல்லலாம்" என்றார் ராஜாராம். "வேற ஒரு வார்த்தை வரக் கூடாது."

குப்பத்து ஜனங்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. சமோசா உண்டு என்றதால் நல்ல கூட்டம். நரசிம்மன் திரையில் படம் காட்டி விளக்கினார்.

"ரிஸ்க் வேற, டேஞ்சர் வேற, டிசாஸ்டர் வேற. ஜனங்க எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. எளிமையாச் சொல்றேன். நீங்க கடல்ல இருந்தா ரிஸ்க். கடல் உங்க வீட்ல இருந்தா டேஞ்சர். உங்க வீடு கடல்ல இருந்தா டிசாஸ்டர். புரிஞ்சுதா?"

புரிந்தது என்று எல்லோரும் கை தட்டினார்கள். சந்திரம்மா மட்டும் எழுந்து நின்றாள். "அதெல்லாம் சரிங்க. இதுல எதுக்கு நாங்க ஓடணும்?"

நரசிம்மன் அவளைப் பரிவோடு பார்த்தார். "ஓடுறது அடுத்த வருஷப் பயிற்சியில வருதும்மா. இந்த வருஷம் வார்த்தை மட்டும்தான்."

சமோசா ஆறிப் போயிருந்தது. தின்றுவிட்டு எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

ஐப்பசி மழையில் கடல் கரையைத் தின்றுகொண்டே வந்து செங்கல்வராயன் என்ற மீனவரின் வீட்டைக் கொண்டுபோயிற்று. ஈரத்துணியோடு நிலையத்துக்கு வந்து நின்றார் மனிதர்.

"வீட்டுக்கு ஆனது டேமேஜா, லாஸா?" என்று கேட்டார் ராஜாராம்.

"வூடு பூட்ச்சுங்க."

"முழுசாவா?"

"வாசப்படி கூட இல்லீங்க."

"அப்ப டேமேஜ் கிடையாது. டேமேஜ்னா மீதி ஏதாவது இருக்கணும். மீதி இல்லாதது லாஸ். லாஸ் எங்க பொறுப்பு இல்ல, செங்கல்பட்டுல கேளுங்க."

செங்கல்பட்டில் கேட்டார்கள், தொலைத்த பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்று. தெரியும், கடலில் இருக்கிறது என்றார் செங்கல்வராயன். இருக்கும் இடம் தெரிந்தால் அது லாஸ் ஆகாதே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அவர் ஏசுபாதத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பேஜாராக் கீது நைனா. கடலாவது ஒரே தபா அடிச்சிட்டு வுட்டுட்ச்சு."

அவர் படும் பாட்டைப் பார்த்த மனது கேட்காமல், மறுநாள் மைக் சோதிக்கும்போது ஏசுபாதம் வாய் தவறி, "ஹலோ மைக் டெஸ்டிங், கொஞ்சம் பாத்து இருங்கப்பா" என்று சொல்லித் தொலைத்துவிட்டான். சேதி எட்டி, ராஜாராம் செங்கல்பட்டிலிருந்து அன்றே ஜீப்பில் வந்து இறங்கினார்.

"பாத்து இருங்கன்னா என்ன அர்த்தம்? வாட்ச்சா? காஷனா? பிவேரா?"

"பாத்து இருங்கன்னா... பாத்து இருங்கதாங்க."

"இன்னொரு தடவை கேசட் இல்லாம வாயைத் திறந்தே, வேலை போறதோட நிக்காது. ஜனங்களைப் பீதியடைய வச்சேன்னு போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துருவேன்."

அதோடு ஏசுபாதத்துக்கு இரண்டு பயம் ஆயிற்று. முன்னால் கடல், மாடியில் இங்கிலீஷ். சோறு இறங்கவில்லை. ராத்திரி புரண்டு புரண்டு படுத்தான். "வாட்ச்சு, அலர்ட்டு" என்று அவன் தூக்கத்தில் முனகுவதைக் கேட்டு ஷாரோன் அம்மாவின் பக்கம் ஒட்டிக்கொண்டு படுத்தாள்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு சனிக்கிழமை வந்தது. நரசிம்மனும் ராஜாராமும் காலையிலேயே ஜீப்பில் வந்து மாடியில் கூட்டம் போட்டிருந்தார்கள். குறிப்பெடுக்க ஹரிப்ரியா என்ற பெண். கல்பாக்கத்துக் குடியிருப்பிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்றைய கூட்டத்தின் விஷயம், கடலோர மக்களுக்கு உண்டாகும் பயத்தை ஃபியர் என்று குறிப்பதா, பானிக் என்றா, ட்ரெட் என்றா என்பது. கீழே ஏசுபாதம் வழக்கம்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் சத்தம் நின்றது. எப்போதும் காதில் இரைந்துகொண்டிருக்கிற அலைச்சத்தம் இல்லை. ஏசுபாதம் எழுந்து நின்றான். தண்ணீர் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கரையில் என்றும் பார்த்திராத கறுப்புப் பாறைகள் பாசியோடு வெளியே தெரிந்தன. மீன்கள் ஈர மணலில் துள்ளின. களத்தில் இருந்த பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு சிரித்துப் பேசியபடி மீன் பொறுக்க இறங்கினார்கள். அதில் சிவப்புச் சேலை சந்திரம்மா. அவளுக்கு முன்னால் குதித்துக்கொண்டு ஓடினாள் ஷாரோன்.

ஏசுபாதம் மாடிக்குப் பாய்ந்தான். மாடிப்படிகளை எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது.

"சார்... கடலு உள்ள போவுது சார்."

ராஜாராம் கையை உயர்த்தினார். "யாரும் பேசாதீங்க. இவனைப் பாருங்க. கை நடுங்குது. வாய் உலர்ந்திருக்கு. ஆனா நிக்கிறான், ஓடல. இது ஃபியர். ஓடியிருந்தா பானிக்."

"சார், கடலு..."

"ட்ரெட்டாவும் இருக்கலாம்" என்றார் நரசிம்மன். "வரப்போறதை நினைச்சுப் பயப்பட்டாதான் ட்ரெட். ஏம்ப்பா, வந்துருச்சா, வரப்போகுதா?"

"வரப்போவுது சார்! எம்பொண்ணு கீழ கீது சார்!"

"அப்ப ட்ரெட்தான். எழுதிக்கோம்மா."

ஹரிப்ரியா எழுதவில்லை. ஜன்னல் வழியே ஒருமுறை வெளியே பார்த்தாள். பிறகு மேசைக்கு அடியில் காலால் செருப்பைத் துழாவ ஆரம்பித்தாள்.

"சரி, கடல் விஷயத்துக்கு வருவோம்" என்றார் ராஜாராம். "அது ரிட்ரீட் ஆகுதா, வித்ட்ரா ஆகுதா, ரிசீட் ஆகுதா?"

"தெரியலீங்க. போவுதுங்க."

"எப்படிப் போகுது? ரிட்ரீட்னா தோத்துப் பின்வாங்குறது. வித்ட்ரானா யோசிச்சுத் தானா விலகுறது. ரிசீட்னா சும்மா வடியுறது. கடலுக்கு அந்த மாதிரி எண்ணம் ஏதாவது இருக்கிற மாதிரித் தெரிஞ்சுதா?"

"அய்யா, உங்க கால்ல வுழுறேன். சாவியக் குடுங்க. எந்தக் கேசட்டுன்னாலும் போட்டுடறேன்."

"எந்தக் கேசட்டுன்னாலுமா!" நரசிம்மன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இத்தனை மாதத்தில் அவர் முகத்தில் உண்மையான அதிர்ச்சியை ஏசுபாதம் பார்த்தது அப்போதுதான். "இவ்வளவு பயிற்சி குடுத்தும் எந்தக் கேசட்டுன்னாலும்னு கேக்கிறானே, ராஜாராம்! அட்வைசரி போட வேண்டிய இடத்துல வார்னிங் போட்டுட்டு, கடல் வரலைன்னா நம்ம மரியாதை என்ன ஆறது?"

"வந்துட்டா?" என்றாள் ஹரிப்ரியா.

"வந்துட்டா, நம்ம சொன்ன வார்த்தை போதலைன்னு ஆயிடும். அதைவிட ஆபத்து. மேலிடத்துக்குப் போன் போடும்மா. பாஸிபிள்னு சொல்றாங்களா, ப்ராபபிள்னு சொல்றாங்களான்னு மட்டும் கேளு."

மேலிடத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பாரில்லை. ஏசுபாதம் ஜன்னலைப் பார்த்தான். கடல் இன்னும் தள்ளிப் போயிருந்தது. அதற்கும் அப்பால், வானத்துக்குக் கீழே, ஒரு கோடு மாதிரி ஏதோ தெரிந்தது. அவன் கண்ணை நம்ப அவனுக்கே பயம். அவன் வீரனில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அந்த நிமிஷத்தில் இரண்டு பயத்தில் ஒன்று பெரியதாகிவிட்டது, அவ்வளவுதான்.

கீழே இறங்கி ஓடினான். ஆம்ப்ளிஃபயரைத் தட்டினான். மைக்கை வாயருகே வைத்ததும் பழக்கதோஷத்தில், "ஹலோ மைக் டெஸ்டிங்" என்றுதான் முதலில் வந்தது. கரையில் யாரும் தலை நிமிரவில்லை. அதற்கப்புறம் அவன் அடிவயிற்றிலிருந்து கத்தியது நாலு திசைக்கும் போயிற்று.

"ஏய் சந்திரம்மா! ஓடு! புள்ளயத் தூக்கிகினு ஓடு! மீனு வேணாம், கூடையும் வேணாம்! அல்லாரும் ஓடுங்க! ரோட்டுக்கு அந்தாண்ட ஓடுங்க! கடலு வருது, ஓடுங்கய்யா, ஓடுங்கம்மா!"

குப்பம் முழுக்க ஒரு கணம் அப்படியே நின்றது. மறுகணம் ஓடியது. மாடிப்படியிலும் தடதடவென்று சத்தம். செருப்போடு தயாராக இருந்த ஹரிப்ரியாவை முந்திக்கொண்டு ராஜாராம், அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு நரசிம்மன். "ஐயோ, ஓடுய்யா, ஓடுய்யா!" என்று அவர் கத்தியது இன்னும் அணைக்காத மைக்கில் ஊருக்கே கேட்டது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். ராஜாராமே ஜீப்பைக் கிளப்பினார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்களை ஹாரன் அடித்து ஒதுக்கிக்கொண்டு போன ஜீப், செங்கல்பட்டு வரை எங்கும் நிற்கவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. ஹரிப்ரியா ஒரு கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் ரோட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

ஓடச் சொன்னவனுக்குக் கால் வரவில்லை. மைக்கை இறுக்கிப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தான். ஷாரோனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த சந்திரம்மாதான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"யோவ், ஊர ஓடச் சொல்ட்டு நீ இன்னாயா குந்திகினு கீறே? எழுந்திரு!"

தண்ணீர் வந்தது. கருவாட்டுக் களம், ஓலைப் பாய்கள், கரையில் ஏற்றி வைத்திருந்த சில படகுகள், நிலையத்தின் கண்ணாடி அலமாரி எல்லாம் போயிற்று. மனிதர் ஒருவர்கூடப் போகவில்லை. தோப்புக்கு அந்தப் பக்கம் ரோட்டில் நின்று, ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ஆட்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். சந்திரம்மா ஷாரோனைக் கீழே இறக்கவே இல்லை.

செங்கல்பட்டில் மூன்றாவது மாடியில் விசாரணை வைத்தார்கள். குற்றம், சொல் இல்லாமல் ஓட வைத்தது.

"சார், நீங்களும் ஓடுனீங்களே" என்றான் ஏசுபாதம் மெல்ல.

"நாங்க ஓடல. இவாகுவேட் ஆனோம்" என்றார் ராஜாராம். "ஜனங்க ஓடினதுதான் பானிக். பொறுப்புள்ளவங்க போனா அதுக்கு வேற பேர்."

நரசிம்மன் பெருமூச்சு விட்டார். அவருக்கு நிஜமாகவே வருத்தம். "எனக்கு உன்மேல கோபம் இல்ல ஏசுபாதம். ஆனா நீ பண்ணின காரியத்தால ஒருத்தர்கூடச் சாகல. யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தா அது டிசாஸ்டரா, கலாமிட்டியா, வெறும் இன்சிடென்டான்னு முடிவு பண்ணியிருப்போம். சரியான கேசட் எதுன்னு காலத்துக்கும் தெரிஞ்சிருக்கும். பத்துப் பேராவது அங்க நின்னிருக்கலாம். இப்ப எங்ககிட்ட எந்த ஆதாரமும் இல்ல."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சந்திரம்மாவுக்கு இது கேட்டது. ஷாரோனின் காதை இரண்டு கையாலும் பொத்தினாள்.

ஏசுபாதத்தை வேலையிலிருந்து டிஸ்மிஸ் செய்வதா, ரிமூவ் செய்வதா, டிஸ்சார்ஜ் செய்வதா என்று மத்தியானம் முழுக்கப் பேசினார்கள். ஒரு சொல்லில் ஒத்துப்போக முடியவில்லை. அதனால் வேலை தப்பியது. போகவில்லை என்று மகிழ்வதா, இருக்கிறதே என்று பயப்படுவதா என்று தெரியாமல் அவன் குப்பத்துக்குத் திரும்பினான்.

சில நாள் கழித்து ஜீப் வந்தது. தண்ணீரில் ஊறிய ஆம்ப்ளிஃபயரைக் கழற்றினார்கள். மைக்கைக் கழற்றினார்கள். மொட்டை மாடிக் குழாய்களை இறக்கி ஏற்றினார்கள். கிளையைச் செங்கல்பட்டுக்கு மாற்றுகிறார்களாம். அவன் மட்டும் இங்கேயே இருந்து கடலைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

"மறுபடி டேஞ்சர் ஏதாவது கீதுங்களா சார்?" என்று கேட்டான்.

"சேச்சே. நாங்க போறது வெறும் ப்ரிகாஷன்" என்றார் ராஜாராம், ஜீப்பில் ஏறிக்கொண்டே.

"அப்ப நாங்க இங்க இருக்கிறது?"

ராஜாராம் கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது. "ரெசிலியன்ஸ். அடி வாங்கியும் தாங்கிக்கிறது. இப்ப வெளிநாட்டுல எல்லாம் அந்த வார்த்தைக்குத்தான் மரியாதை. பெருமைப்படு."

ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. ஏசுபாதம் வெறும் அறையைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், நேரே குப்பத்துக்கு நடந்தான். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒன்றையேதான் சொன்னான்.

"இனிமே மைக்கு கெடையாது. நான் ஓடறதப் பாத்தா நீங்களும் ஓடுங்க."

"நீ எப்பவும் பயந்துகினுதானே கீறே அண்ணாத்த, நாங்க எப்படிக் கண்டுபுடிக்கிறது?" என்று ஓர் இளைஞன் சிரித்தான். செங்கல்வராயன் சிரிக்கவில்லை. மற்றவர்களும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஏசுபாதத்துக்கு நல்ல பசி. இட்லிக் கடை மூடுவதற்குள் போய்விட வேண்டுமென்று தோப்புப் பாதையில் கொஞ்சம் எட்டி நடந்தான். பின்னால் என்னவோ சலசலப்பு. திரும்பிப் பார்த்தான். குப்பமே வந்துகொண்டிருந்தது. கைக்குழந்தைகள், மூட்டைகள், ஒருத்தர் தோளில் ஆட்டுக்குட்டி, முன்னால் மூச்சிரைக்கச் சந்திரம்மா.

"இன்னாயா, வருதா?"

"இல்ல சந்திரா. நாஸ்தா துன்னப் போறேன்."

ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை, ஒருவரும் திரும்பிப் போகவும் இல்லை. எல்லோரும் கடல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு அவன் பின்னாலேயே வந்தார்கள். தான் நின்றால் அவர்களும் கரைப் பக்கமே நின்றுவிடுவார்களே என்ற பயத்தில் ஏசுபாதம் ரோடு வரைக்கும் அதே வேகத்தில் நடந்தான்.